வாசலுக்கு ஒரு பூவரசம் போத்து

20.8.2024

பாண்டி அண்ணனுக்கு, ஜுவைரியா ஸலாம் சொல்லி எழுதுவது.

மூன்று வீடு தள்ளி இருக்கிற தெருச் சங்கச் செயலாளருக்குக் கடிதமா என்று சிரிக்காதீர்கள். என் கணவர் மவுத்தாகி எழுபது நாள் ஆகிறது. வீட்டோடு துக்கம் காக்கும் இத்தா முடிய இன்னும் இரண்டு மாதம். அதுவரை வெளியே வருவதும் வெளி ஆண்களோடு பேசுவதும் எங்கள் வீட்டில் வழக்கமில்லை. எழுதுவதை யாரும் தடுக்கவில்லை. பால் கொண்டுவரும் உங்கள் வீட்டு முத்தழகு மதினியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கால்வாய் வேலைக்காகத் தெரு மரங்களை வெட்டியதில் எங்கள் வாசல் தூங்குமூஞ்சியும் போனது. என் அறை ஜன்னலுக்கு அதுதான் திரை. எதிரே கட்டட ஆட்கள் பார்ப்பார்கள் என்று கொழுந்தன் அஜீஸ் மறுநாளே ஜன்னலுக்கு வெளியே பலகை வைத்து ஆணி அடித்துவிட்டார். "மரம் வரட்டும் மச்சி, கழட்டிருவோம்" என்றார். இத்தா எனக்குப் பாரமில்லை அண்ணே, அது அவருக்காக நான் இருப்பது. இந்தப் பலகையால்தான் மூச்சு முட்டுகிறது. பகலிலும் லைட் போட்டுத்தான் ஓதுகிறேன்.

தெரு முழுக்கப் புங்கங்கன்று வைக்கப்போவதாக மதினி சொன்னது. முழங்கால் உயரக் கன்று ஜன்னலை எட்ட எத்தனை வருஷம்? என் வாசலுக்கு மட்டும் பூவரசம் போத்து வையுங்கள். ஆள் உயரக் கிளையை வெட்டி ஊன்றினால் மழைக்கு அப்படியே தழைக்கும். உப்புத் தண்ணீருக்கும் அசராது.

ஜுவைரியா


23.8.2024

தங்கச்சி ஜுவைரியாவுக்கு, பாண்டீஸ்வரன் எழுதுவது.

முப்பது வருஷம் முதுகுளத்தூர் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவனுக்குக் கடிதம் எழுத வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். என்ன மரம் என்று முடிவுசெய்ய மூன்று கூட்டம் போட்டோம். இலையே கொட்டாத மரம் வேண்டும் என்று ஒருவர் சண்டை. வாசல் பெருக்குவது என்னவோ அவர் மனைவிதான். பூவரசுக்கு யாரும் குறுக்கே நிற்கமாட்டார்கள்.

ஆனால் எனக்கு ஒன்று விளங்கவில்லை. வாசலில் மரம் வேண்டுமா என்று வீட்டுக்கு வீடு ஒரு படிவம் கொடுத்தோம். உங்கள் வீட்டுக்கானதை அஜீஸ் போன மாதமே எழுதித் தந்துவிட்டாரே. 'இத்தா முடிந்ததும் அண்ணன் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். வீடு வாடகைக்கு விடப்படும். மரம் வேண்டாம், கார் ஏற வழி வேண்டும்' என்று எழுதி, உரிமையாளர் என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டிருக்கிறார். அதனால் உங்கள் வாசலில் குழி விடாமல் சிமெண்ட் போட்டாகிவிட்டது. உங்களுக்குத் தெரியாதா?

பாண்டீஸ்வரன்


24.8.2024

அண்ணனுக்கு,

தெரியாது. இனி நான் எங்கே இருக்கப்போகிறேன் என்பதை மரப் படிவம் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

உங்கள் மேலும் கோபம்தான். இத்தனை வருஷம் பழகியும் யார் வீடு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆம்பிளை கையெழுத்துப் போட்டால் அவர் வீடு, அவ்வளவுதானே? எங்கள் கீழக்கரையில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வந்து சேருவார். இது என் நிக்காஹுக்கு வாப்பா எனக்குக் கட்டித் தந்தது. "வாடகை கேட்டுறாத புள்ள" என்று என் கணவர் கடைசிவரை கேலி செய்வார்.

அஜீஸிடம் கேட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, "தனியா எப்படி மச்சி இருப்பீக? நாலு பேரு என்ன சொல்லுவாக?" என்றார். கெட்டவர் இல்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது. கெட்டவர் என்றால் சண்டை போட்டுவிடலாம்.

வீட்டு வரி ரசீதின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். பெயரைப் பாருங்கள்.

ஜுவைரியா


13.10.2024

தங்கச்சிக்கு,

தப்பு என் மேல்தான். ரசீதைப் பார்த்துவிட்டு முத்தழகு திட்டிய திட்டு இந்த ஆயுளுக்குப் போதும். சிமெண்டை உடைக்க அனுமதி வாங்குவதற்குள் ஒன்றரை மாதம் ஓடிவிட்டது. நேற்றுதான் குழி எடுத்தோம். அஜீஸ் காரை நிறுத்தி, "யாரைக் கேட்டு வெட்டுறீக?" என்றார். "வீட்டுக்காரம்மாவைக் கேட்டுத்தான்" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. "வியாழக்கிழமை பத்து மணிக்கு மச்சியக் கூட்டிட்டுப் போக வாரேன். அப்புறம் யாரு தண்ணி ஊத்துவா?" என்றார்.

மூன்று வருஷம் தண்ணீர் ஊற்றுவதாக வீட்டுக்காரர் எழுதித் தர வேண்டும் என்பது சங்க விதி. புதுப் படிவம் அனுப்பியிருக்கிறேன். வற்புறுத்தவில்லை. திருப்புல்லாணியிலிருந்து போத்து வெட்டி வந்து தொட்டியில் போட்டிருக்கிறேன்.

பாண்டீஸ்வரன்


15.10.2024

அண்ணனுக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். 'மூன்று வருஷம்' என்பதை மட்டும் அடித்திருக்கிறேன். அதற்குப் பிறகும் நான்தானே ஊற்றப்போகிறேன்.

நாளை பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகையோடு இத்தா முடிகிறது. வியாழன் காலை எட்டு மணிக்கு வெளியே வருவேன். பயமாகத்தான் இருக்கிறது. பத்து மணிக்கு அஜீஸ் பிரியமாக வந்து கூப்பிடுவார். எனக்கு வாய் குழறினாலும் குழறும். அதனால் அவர் வருவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும்.

குழியோரம் போத்தை வைத்துவிட்டுப் போங்கள், நானே ஊன்றிக்கொள்கிறேன். கூடவே உங்கள் கடப்பாரையையும் வையுங்கள். போத்து தழைக்கிறவரை காத்திருக்க என்னால் முடியாது. முதலில் பலகையைப் பெயர்க்க வேண்டும்.

ஜுவைரியா
வீட்டு உரிமையாளர்