சிறகு வைத்த கடல்பாசிக் குண்டு

இன்று காலை உப்பு ஜாடியை நிரப்பும்போது கல்லுப்போடு சேர்ந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு விழுந்தது. நகத்தளவுதான். லேசாகச் சாய்ந்த சிறகு, நுனி மழுங்கியிருந்தது. என் மனைவி எட்டிப் பார்த்து, "என்னது, பொம்மையில உள்ளதா?" என்று கேட்டாள். நான் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். மைதானம் தொடங்கிய முதல் வருஷம் நீயும் நானும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பெயிண்ட்பால் சாயக் குண்டின் வால் அது. நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். அது இன்னும் போகவில்லை.

நீ என் கடைக்கு முதலில் வந்த நாள் நினைவிருக்கிறது. துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில், சங்கு குளிக்கிறவர்களின் சிலிண்டர்களுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். நீ பால் புட்டி மாதிரி ஒரு சிலிண்டரை மேசைமேல் வைத்தாய்.

"அண்ணாச்சி, இதுக்குக் காத்து அடிக்க முடியுமா?"

"இத்துனூண்ட வச்சுக்கிட்டு எந்தக் கடல்ல முங்கப் போறீரு?"

"கடல்ல இல்ல. உடமரக் காட்டுல சுட்டு விளையாட."

துபாயில் பெயிண்ட்பால் மைதானத்தில் துப்பாக்கி பழுது பார்த்த நீ காயல்பட்டினம் திரும்பி அதே விளையாட்டை உப்பளத்துக்குப் பக்கத்தில் நடத்தப்போகிறாய் என்று தெரிந்தபோது, வெயிலில் மூளை கலங்கிய ஆள் என்றுதான் நினைத்தேன். அப்புறம் பார்த்தால் நானும் முகமூடி மாட்டிக்கொண்டு உடைமரங்களுக்கு நடுவே மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி போய் 'ஏலே' ஆனது எப்போது என்று இருவருக்குமே தெரியாது.

நம்மைச் சிக்கலில் மாட்டிவிட்டது காற்றுதான். ஆடியில் மேற்கேயிருந்து கச்சான் அடிக்கும்போது உருண்டைக் குண்டு எங்கே போய் விழும் என்று சுட்டவனுக்கே தெரியாது. தெற்கே குறி வைத்தால் கிழக்கே நின்றவன் முதுகில் சாயம். அதனால்தான் பின்னால் சிறகு வைத்த குண்டை வரவழைத்தாய். அது சுழன்றுகொண்டு நேராகப் போனது. எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த மழையில் அத்தனை பிளாஸ்டிக் சிறகும் வாய்க்கால் வழியாகப் பக்கத்துப் பாத்திகளுக்குள் இறங்கிவிட்டது.

உப்பளத்துக்காரர் ஒரு கை நிறைய அள்ளிக்கொண்டு வந்தார். மைதானம் இருந்த இடமும் அவருடையதுதான். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். "உப்ப மனுசன் திங்குதான்லா? வர்ற ஐப்பசி மழை முடிஞ்சு என் பாத்தியில புதுசா ஒரு துண்டு கிடந்தாலும் எடத்தக் காலி பண்ணிருங்க தம்பி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். மைதானத்தை விட்டால் நீ மறுபடி விமானம் ஏற வேண்டும். மகள்கள் வளர்ந்ததைப் போனில்தான் பார்த்தேன் என்று அடிக்கடி சொல்வாய். அன்றைக்குக் கையில் கிடந்த சிறகுகளையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"நாமளே செய்வோம்லே. மழையில மிச்சமில்லாமக் கரையணும். அதான் கணக்கு" என்றாய்.

கடைக் குண்டின் ஓடு ஜெலட்டின், அது பன்றியிலிருந்தும் வரும், வாயில் தெறிக்கிற சாமானில் தொழுகிறவனுக்கு அது ஆகாது என்று நீ ஒதுக்கிவிட்டாய். சரி, கடற்கரையில் மீன் தோலுக்கா பஞ்சம் என்று நான்தான் மீன் கம்பெனிக் கழிவை வாளியில் கொண்டுவந்தேன். கடற்கரைக்காரப் புத்தி வேறெங்கே போகும்? உன் வீட்டு அடுப்பில் காய்ச்சினோம். குண்டு பார்க்க நன்றாகத்தான் இருந்தது. விளையாட்டு தொடங்கியதும் துறைமுகத்துக் காக்கைகள் அத்தனையும் வந்து இறங்கின. சாயம் பட்ட ஆட்களை நாய்கள் துரத்தின. கருவாட்டு நாற்றத்தோடு வீட்டுக்குப் போன பையன்களின் அம்மாமார் உனக்குப் போன் போட்டுத் திட்டினார்கள். நீ உடைமரத்தடியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாய். உன் மனைவி, நான் லாத்தா என்று கூப்பிடுகிறவர்கள், அந்தப் பானையைத் தெருவில் வைத்துவிட்டு, இனிமேல் இந்த வேலை வீட்டுக்குள் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு எல்லாம் என் கடையின் பின்கட்டில்தான்.

வழி காட்டியதும் லாத்தாவின் கைதான், தெரியாமலே. நோன்பு திறக்க எனக்கும் சேர்த்து லாத்தா கொடுத்துவிட்ட கடல்பாசி இனிப்பில் ஒரு துண்டைக் கம்ப்ரசர் மேலேயே மறந்துவிட்டேன். மறுநாள் அது கண்ணாடித் தகடாகக் காய்ந்து கிடந்தது. நீ அதை ஒடித்துப் பார்த்தாய், நக்கிப் பார்த்தாய், தண்ணீரில் போட்டுப் பார்த்தாய். பிறகு அதில் வடகத்துக்குக் காய்ச்சுகிற அரிசிக்கூழைச் சேர்த்தாய். லேத் பட்டறையில் பித்தளை அச்சு கடையச் சொன்னாய். முன்பக்கம் மஞ்சள் கரைத்த மாவு, பின்பக்கம் சாய்வாக நாலு சிறகு. பாயில் பரப்பிக் காயவைத்தால் பகலில் முறுக்காக நிற்கும், சாயங்காலம் கடல் காற்று பட்டதும் துவண்டுவிடும். ஈரம் உறிஞ்ச வறுத்த அரிசி போட்ட டின்னில் அடைத்து வைக்கலாம் என்று கண்டுபிடிப்பதற்குள் உனக்குக் கண் குழி விழுந்துவிட்டது. "கொஞ்சம் படுலே" என்று சொன்னால், "மழை படுக்குமா?" என்பாய்.

முதல் குண்டை உன் முதுகிலேயே சுடச் சொன்னாய். எனக்குக் கை வரவில்லை. "சுடுலே, வடகந்தான" என்றாய். நேராகப் போய்ப் பட்டு உடைந்தது. சட்டையெல்லாம் மஞ்சளோடு திரும்பி நின்ற உன் முகம்தான் இப்போதும் எனக்கு முன்னால் வருகிறது.

மழைக்கு முந்திய ஆட்டங்களில் செய்தது முழுவதையும் சுட்டுத் தீர்த்தோம். தரையெங்கும் சிறகுகள் கிடந்தன. இனி வானம் பார்த்துக்கொள்ளட்டும் என்றாய். மழை தொடங்கிய வாரத்தில், விடிகாலையில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னாயாம். ஆஸ்பத்திரி வாசலைக்கூட நீ பார்க்கவில்லை. உன் கபரில் நானும் மூன்று பிடி மண் போட்டேன். ஈர மண், கையை விட்டுப் போக மாட்டேன் என்றது.

மழை ஓய்ந்ததும் அளத்துக்காரரோடு மைதானம் முழுக்க நடந்தேன். உடைமர வேர்களில், வாய்க்காலில், பாத்தி வரப்பில் எல்லாம் பார்த்தோம். பழைய பிளாஸ்டிக் அங்கங்கே தலைகாட்டியது. நம்முடையது ஒன்றுகூட இல்லை. "ஜெயிச்சுட்டான்யா. தாராளமா நடத்துங்க" என்று சொல்லி அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஜெயித்தவனிடம் போய்ச் சொல்ல முடியாத வெற்றி எதற்கு? மைதானம் அதன்பின் திறக்கவில்லை. உன் துப்பாக்கிகள் என் கடையில்தான் கிடக்கின்றன.

இதை உன்னிடம் சொல்லியாக வேண்டும். லாத்தா, வெளி ஆண்கள் முன் வராத துக்கக் காலமான இத்தாவில் இருந்தபோது ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். கதவுத் திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வந்தது.

"அண்ணே, அவங்க கையால செஞ்சதுல ஒண்ணு இருந்தாக் குடுங்க. சின்னவ கேட்டு அழுவுதா."

கடையைக் கவிழ்த்துத் தேடினேன். அடித்தட்டில் நாம் மறந்துபோன ஒரு டின் இருந்தது. மூடி சரியாக அடைபடாமல், மழை ஈரத்தில் எல்லாம் ஒன்றாக இளகிப் பூஞ்சை பிடித்து நாறியது. அச்சு இருக்கிறது, பக்குவம் எனக்கும் தெரியும். நானே ஒன்றைச் செய்து, இதுதான் அவன் செய்தது என்று கொடுத்துவிடலாம் என்று அடுப்பைக்கூடப் பற்றவைத்தேன். கூழ் கொதித்து வருகிறபோது அணைத்துவிட்டேன். உன் பிள்ளையை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை.

மறுபடி போய்த் திரைக்கு முன்னால் நின்றேன்.

"ஒண்ணுகூட இல்லியாண்ணே?"

"இல்ல லாத்தா. எல்லாம் கரைஞ்சுட்டு."

உள்ளே யாரோ குழாயை மூடினார்கள்.

"அப்போ நல்லாத்தான் செஞ்சிருக்காங்க" என்றார்கள்.

எந்த வேலையில் இருந்தாலும் இப்போதும் அந்தக் குரல் என் காதில் இருக்கிறது. அவர்களால் அப்படிச் சொல்ல முடிந்தது. என்னால் முடியவில்லை. எனக்கு உன்மேல் கோபம்தான். அத்தனை செய்தாயே, அதில் ஒன்றையாவது சொதப்பியிருக்கக் கூடாதாலே?