கொம்பனிக் காணியின் நாலெல்லை

இன்று காலை நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்குச் சற்று முந்திப் போய்விட்டேன். நடைபாதையில் ஒரு பெண் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். தரை கழுவும் ஜாவெல் திரவத்தின் மணம் மூக்கில் அடித்தது. மற்றவர்களுக்கு அது கழிவறை மணம், எனக்கு அது நீ. ஈரம் காயட்டும் என்று சுவரோரமாக நின்றேன். காயாத தரையில் சப்பாத்தோடு நடப்பவர்களை நீ என்னென்ன சொல்லித் திட்டுவாய் என்பது நினைவு வந்து, தனியே சிரித்தேன். நீ கண்ணை மூடி மூன்று வருடமாகிறது.

நான் பாரிசுக்கு வந்தது 2009இல். லா சப்பலுக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தைத் துப்புரவு செய்யும் வேலையில்தான் உன்னைச் சந்தித்தேன். விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கி ஏழரைக்குள் முடித்துவிடுவோம். அலுவலர்கள் வர எட்டரையாகும். அந்த இடைவெளியில் கூட்ட அறையின் நீள மேசை எங்களுடையது. ஒரு பக்கம் உன் சுடுதண்ணிப் போத்தல், மறுபக்கம் என் புத்தகங்கள்.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். என் ஆய்வேட்டை ஒரு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது தடவையும் தேறாவிட்டால் பதிவு முடிந்தது, ஆசிரியராகும் கனவையும் மூட்டை கட்ட வேண்டியதுதான். தலைப்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க அரசாங்கம் ரயில் கொம்பனிகளுக்குக் காணி கொடுத்த கதை.

"உனக்கு வேறை சோலி இல்லையோ? அமெரிக்காக்காரன்ரை ரயிலுக்கு நீ ஏன் கிடந்து சாகிறாய்?" என்று கேட்டாய்.

சண்டைக்காலத்தில் தண்டவாளத்தைப் பிடுங்கிப் பதுங்குகுழிக்குக் கூரை போட்ட ஊரில் வளர்ந்தவள் நான். ரயிலைப் படத்தில்தான் பார்த்தேன். இங்கே வந்தபோது வீட்டு யன்னலைத் திறந்தாலே தண்டவாளம். ஒரு ரயில் பாதை வருவதற்கு யார் எதைக் கொடுக்கிறார்கள் என்று அறிய ஆசை வந்தது. இதைச் சொன்னதும் நீ எனக்குத் தேநீர் ஊற்றினாய்.

ஒரு நாள் ஆய்வேட்டுக்கு நான் வரைந்த வரைபடத்தை மேசையில் விரித்தேன். நடுவில் ரயில் பாதை, இரு பக்கமும் அகலமாகச் சிவப்பு. நீ துடைப்பத்தைச் சாத்திவிட்டு வந்து பார்த்தாய். யாழ்ப்பாணத்தில் பத்திரம் எழுதிப் பதியும் ஒரு நொத்தாரிசிடம் ஒன்பது வருடம் காணி உறுதிகள் தட்டச்சு செய்தவள் நீ. காணி என்று சொல்லிவிட்டால் உன் கண் வேறு மாதிரி ஆகிவிடும்.

"எடியே, இந்தச் சிவப்பு முழுக்கக் கொம்பனிக்குக் குடுத்ததோ?"

"ஓம்."

"அப்ப கிழக்கெல்லை ஆர்?"

"கொம்பனிதான்."

"வடக்கு?"

"அதுவும் கொம்பனி."

"விசரி! கொம்பனிக்குக் கொம்பனியோ எல்லை? நாலு பக்கமும் ஆற்றை காணி எண்டு நாலெல்லை சொல்லாமல் காணி எண்டு ஒண்டு இல்லை. போய் வடிவாப் பார்."

கோபம் வந்தது. பேராசிரியர்கள் எழுதிய புத்தகத்தைப் பார்த்துக் கீறிய படத்தை ரயிலே இல்லாத ஊர்க்காரி பிழை என்கிறாளே! ஆனாலும் அன்று நூலகத்தில் சட்டத்தின் மூலப் பிரதியை எடுத்து வாசித்தேன். நீ சொன்னதுதான் சரி. நிலத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றைத்தான் கொம்பனிக்குக் கொடுத்திருந்தார்கள். இடையில் உள்ளதை அரசாங்கம் தானே வைத்துக்கொண்டது, ரயில் வந்ததும் கூடிய விலைக்கு விற்கலாம் என்று. கொம்பனியின் ஒவ்வொரு சதுரத்துக்கும் நாலெல்லையும் அரசாங்கம். நான் கீறியிருந்தது பழைய பள்ளிக்கூடப் புத்தகங்களும் செய்த பிழை.

அடுத்த நாள் புதுப் படத்தைப் பெருமையோடு காட்டினேன். நீ தலையாட்டினாய், ஆனால் விடவில்லை.

"சரி, இனி உரித்து எழுது. அரசாங்கத்துக்கு இந்தக் காணி என்ன முறையிலை வந்தது? தாய் தேப்பன் வழி முதுசமோ, சீதனமோ, உழைச்சு வாங்கின தேட்டமோ?"

வாய்விட்டுச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. உன் சீதனக் காணி இராணுவ வேலிக்குள் கிடந்தது. கால் வைக்க முடியாத அந்தக் காணிக்கும் நாலெல்லையைப் பிசகாமல் அடித்து, உன் சீதன உறுதியை நீயேதான் தட்டச்சு செய்தாய். நீ ஏன் சிரிக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நூற்றிருபது பக்கம் எழுதியிருந்தேன். அந்த நிலத்தில் முதலில் இருந்த பூர்வகுடிகளைப் பற்றி அரைப் பக்கம்கூட இல்லை. வேலிக்குள் ஊரை விட்டுவிட்டு வந்த நாங்களே இதை மறந்தால் யார் நினைப்பது? அன்று எனக்கு வெட்கமாக இருந்தது.

இரண்டு மாதம் இருந்து புது அத்தியாயம் எழுதினேன். பூர்வகுடிகளிடம் உடன்படிக்கை எழுதி வாங்கிய நிலம், அவர்களுக்கே என்று எழுதிக் கொடுத்த பிறகும் மீறி எடுத்த நிலம் என்று ஒவ்வொன்றாக. என் பங்கு மாடிகளையும் நீயே துடைத்தாய். "நீ எழுது, தரை எங்கையும் ஓடாது" என்றாய். ஆய்வேட்டு நேர்முகத்தில் பேராசிரியர் அந்த அத்தியாயத்தைத்தான் விரித்து வைத்திருந்தார். இந்தக் கேள்வி உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். வாசித்ததில் தோன்றியது என்று சொன்னேன். தேறிவிட்டேன்.

அந்தப் பொய்யை இத்தனை வருடமும் சுமக்கிறேன். நன்றிப் பக்கத்திலும் பேராசிரியர்கள், நூலகங்கள் எல்லாம் இருந்தன, நீ இல்லை. என்னோடு துப்புரவு செய்பவள் என்று எழுதக் கூச்சப்பட்டேன். பிரெஞ்சில் இருந்த அந்தப் பக்கத்தை உன் மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாய் என்று பிறகுதான் அறிந்தேன். நான் மன்னிப்புக் கேட்டு வந்தபோது நீ வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாய்.

"நொத்தாரிசு கையெழுத்து வைப்பார், சாட்சியள் வைப்பினம். தட்டச்சு அடிச்சவளின்ரை பேர் எந்த உறுதியிலையடி வந்தது? இருந்து சாப்பிட்டிட்டுப் போ."

சாப்பிட்டேன். அதற்குப் பிறகு நீ அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நோயில் கிடந்தபோதும் என் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றித்தான் விசாரித்தாய். எனக்கு ஒரு தொழிலைத் தந்துவிட்டு, அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டாதவள் நீ.

இப்போது பாரிசுக்கு வெளியே ஓல்னேயில் வரலாறு படிப்பிக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை அந்தச் சதுரங்களைக் கரும்பலகையில் கீறுகிறேன். கொடுத்தவனுக்கு இது எப்படி வந்தது என்று பிள்ளைகளிடம் கேட்கிறேன். பிறகு, இந்தக் கேள்வி என்னுடையதல்ல என்று சொல்லி, உன் முழுப் பெயரையும் பலகையில் பெரிதாக எழுதுகிறேன். பிள்ளைகள் அதைப் பிழையாகத்தான் வாசிக்கிறார்கள். ஆனால் ஓர் எழுத்துத் தப்பாமல் கொப்பியில் எழுதிக்கொள்கிறார்கள்.