நாலு மீட்டர்

எம். புதுப்பட்டி
3.9.2006

அன்பு மகன் விக்னேஷ்வரனுக்கு,

அப்பா எழுதுவது. எழுத்து வரியை விட்டு இறங்கி ஓடுகிறது, மன்னித்துக்கொள். இந்தப் பக்கத்துக்கே இரண்டு நாள் ஆயிற்று. "இனி யார்கிட்டயும் கடுதாசியை நீட்டாதீக" என்று முதியோர் பள்ளி டீச்சர் பொன்னுத்தங்கம் சிலேட்டில் எழுதிக் காட்டினார்.

உன் கடிதத்தை நானே வாசித்தேன்! இன்னும் செய்யாத விமான எஞ்சினுக்குக்கூட, எந்த வீட்டில் எவ்வளவு சத்தம் விழும் என்று கம்ப்யூட்டரில் முன்னாலேயே கணக்குப் போடுகிறாயாமே. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். என் காதில் வாய் வைத்துக் கத்தினாள்: "பறக்காத பிளேனுக்கு என்ன சத்தம்? இதுக்கா சம்பளம் குடுக்காக?" சிரிப்பு அடங்கவில்லை.

நம் வழக்கு இருபத்தைந்தாம் தேதி வருகிறது. முப்பது வருஷம் பட்டாசுக் கம்பெனியில் சோதனை வெடி கொளுத்தித்தான் காது போனது என்கிறேன். வயசானதால் போனது என்கிறது கம்பெனி. யாரோ நிபுணரிடம் அறிக்கை வாங்கியிருக்கிறார்களாம். வரட்டும். இப்போது எனக்கும் வாசிக்கத் தெரியும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா மொக்கைச்சாமி

பெங்களூர்
11.9.2006

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீசில் எல்லோருக்கும் காட்டினேன்.

அந்த அறிக்கையைக் கொடுத்தது நான்தான், அப்பா. உங்கள் வழக்குக்கு என்று தெரியும். உங்கள் கம்பெனி முதலாளி கேட்டார். என்னைக் காலேஜில் சேர்த்துவிட்டவர், மறுக்க முடியவில்லை. வெடிமருந்தின் அளவையும், தூரம் நாலு மீட்டர் என்பதையும் கம்பெனிதான் தந்தது. எஞ்சினுக்குப் போடும் முறையில்தான் போட்டேன். காதைக் கெடுக்கும் அளவு வரவில்லை. கணக்கு பொய் சொல்லாது.

வழக்கை வாபஸ் வாங்கிவிடுங்கள். இங்கே நல்ல காது டாக்டரிடம் காட்டுகிறேன்.

உங்கள் மகன்,
விக்னேஷ்

எம். புதுப்பட்டி
17.9.2006

விக்னேஷ்வரா,

அறிக்கையின் நகலை வக்கீல் தந்தார். நான்கு பக்கம். எழுத்துக் கூட்டி மூன்று நாளில் முடித்தேன். நான் முழுதாக வாசித்த முதல் கோர்ட்டுத் தாள் அதுதான்.

உன் கணக்கில் தப்பு இருக்காது. நாலு மீட்டர் தள்ளி நின்றது சத்தம் அளக்கும் மெஷின். அதுவும் வந்து ஆறு வருஷம்தான். நான் நின்றது திரிக்குப் பக்கத்தில். ஊதுபத்தியை வைத்துவிட்டு இரண்டு எட்டு நகர்வதற்குள் வெடிக்கும். உடனே அடுத்தது. சீசனில் ஒரு நாளைக்கு இருநூறு.

விமானத்துக்கு எந்த வீடு என்று கேட்கிறவன், இதற்கு மனுஷன் எங்கே நின்றான் என்று கேட்கவில்லை. நீ யாரையும் கேட்கவே வேண்டாம். சோறு கொண்டுவந்தபோது கண்ணால் பார்த்தாய். "ஏலே, கிட்ட வராதே" என்று விரட்டுவேனே.

என்னோடு வேலை பார்த்த கருத்தப்பாண்டி, தாளில் உன் பெயரைப் பார்த்துவிட்டு, டீக்கடையில் என் காதில் கத்தினான்: "அண்ணே, மொதலாளி உங்க மகனைப் படிக்க வைக்கலைண்ணே. தனக்கு ஒரு சாட்சியைப் படிக்க வச்சிருக்காரு!" கடையே திரும்பிப் பார்த்தது. எனக்கும் நன்றாகக் கேட்டது.

அம்மா அறிக்கையை வாசிக்கச் சொன்னாள். உன் பெயரை விட்டுவிட்டு வாசித்தேன். "எந்தத் தாயி பெத்த பிள்ளையோ" என்று ஏசினாள். தாளை மடித்து வைத்துவிட்டேன்.

டாக்டர் வேண்டாம். வழக்கை விடமாட்டேன். அடுத்த வாரம் மறுபடி எழுதுவேன், நீதிபதிக்கு.

மொக்கைச்சாமி