பாம்பெர்க், மூன்று நாள், காலக்கெடு இல்லை

2 மார்ச் 2024, சனி

மழை. அம்மா வீட்டுச் சமையலறை இழுப்பறையில் கத்தரிக்கோல் தேடினேன். கத்தரிக்கோல் கிடைக்கவில்லை, அட்டை கிடைத்தது.

பச்சை மையில் அப்பாவின் கையெழுத்து. ஆற்றின் நடுவில் பாலத்தின் மேல் நிற்கும் அந்தப் பழைய நகர மன்றத்தை வரைந்திருக்கிறார். ஒரு சுவர் மட்டும் சாய்ந்திருக்கிறது. “வீப்கேவுக்கு: பாம்பெர்க் நகரில் மூன்று நாள். நீயும் நானும் மட்டும். காலக்கெடு இல்லை.” பள்ளி இறுதித் தேர்வில் தேறியதற்கான பரிசு. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அந்த இலையுதிர் காலத்தில்தான் அவர் தன் காதலி கரோலாவோடு மியூனிக் போய்விட்டார்.

பரிசு வாங்க நேரமில்லையென்றால் அட்டை எழுதுவது எங்கள் வீட்டு வழக்கம். எல்லார் வீட்டிலும்தான். ஒரு படம், ஒரு வாக்குறுதி. வாங்கியவர் கட்டிப்பிடித்து நன்றி சொல்வார். பிறகு அது இழுப்பறைக்குள் போய்விடும். அம்மாவுக்கு அப்பா கொடுத்தவையும் அங்கேயே இருக்கின்றன. நடன வகுப்பு, பத்து வாரம். முதுகு பிடித்துவிடுதல், ஐந்து முறை. குளியலறை ஜன்னலுக்கு வண்ணம் பூசுதல். அந்த ஜன்னல் இன்னும் உரிந்துகொண்டிருக்கிறது.

“உனக்காவது காலக்கெடு இல்லைன்னு எழுதினாரு,” என்றாள் அம்மா. “எனக்குப் பத்து வாரம்னு எண்ணிக் குடுத்தாரு. ஒரு வாரம்கூட ஆடல.”

சிரித்தோம். நான் அட்டையைப் பைக்குள் வைத்ததைப் பார்த்தாள். சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

5 மார்ச்

எனக்கு வேண்டியது பாம்பெர்க்கா, அப்பாவா, அவர் கொடுத்த சொல்லா? மூன்றாவதுதான் என்று தோன்றுகிறது. அது அவ்வளவு நல்ல குணமில்லை.

9 மார்ச், சனி

அப்பாவிடம் கேட்டுவிட்டேன். ஒப்புக்கொண்டார்!

“பாம்பெர்க்கா? நானே பாத்ததில்லம்மா. ரொம்ப நாள் ஆசை.”

மே 9, வியாழன். ஆண்டவர் விண்ணேறிய நாள், விடுமுறை. வெள்ளிக்கு மட்டும் விடுப்பு எழுதினால் பாலம் போட்டதுபோல் நான்கு நாள் சேர்ந்து கிடைக்கும். அன்றுதான் அப்பாக்கள் தினமும். “அன்னிக்கு நாங்க பீர் வண்டிய இழுத்துக்கிட்டு காட்டுக்குல்ல போகணும்?” என்றார். பிறகு, “சரி எலிக்குட்டி, உனக்காக வரேன்.”

எலிக்குட்டி. சின்ன வயதில் அவர் வைத்த செல்லப்பெயர். இருபத்தெட்டு வயதில் அதைக் கேட்டுப் பூரித்துப்போகக் கூடாது. போனேன்.

17 மார்ச், ஞாயிறு

நான் வேலை செய்யும் நூலகத்தில் கழித்துக்கட்டிய பழைய நூல் அட்டவணைச் சீட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. பின்பக்கம் வெறுமையாக இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு சீட்டு என்று மூன்றும், தப்பானால் மாற்ற ஒன்றும் எடுத்துவந்தேன்.

வியாழன்: நகர மன்றம், ஆற்றோரம், புகை வாசம் அடிக்கும் அந்த பீர். வெள்ளி: பேராலயம், பேரரசரின் கல்லறை. சனி: ரோஜாத் தோட்டம். மே மாதத்தில் பூ இருக்காது, ஆனாலும் உட்காரலாம்.

அப்பாவுக்கு முழங்கால் வலி. குன்றின் மேல் இருக்கும் பேராலயத்துக்குப் படி ஏறாமல் போக ஒரு சந்து இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க மூன்று மாலை ஆயிற்று. சீட்டில் சிவப்பில் குறித்தேன்.

26 மார்ச்

விடுதிக்காரம்மாவோடு பேசினேன். இரண்டு அறை, இரண்டு இரவு. “அப்பாவும் பொண்ணுமா? எம் பொண்ணு என்னோட சந்தைக்குக்கூட வர மாட்டா,” என்றார். ஆற்றைப் பார்த்த அறையை அப்பாவுக்குக் கேட்டேன்.

1 ஏப்ரல், ஈஸ்டர் திங்கள்

அப்பா தொலைபேசியை எடுக்கவில்லை. மாலையில் செய்தி: அவரும் கரோலாவும் அவர்கள் மகள் டில்டாவும் கரோலாவின் பெற்றோர் வீட்டில், தோட்டத்தில் ஒளித்துவைத்த ஈஸ்டர் முட்டை தேடுகிறார்களாம்.

14 ஏப்ரல், ஞாயிறு

“கரோலாவும் டில்டாவும் கூட வந்தா உனக்கு ஒண்ணும் இல்லையே?” என்றார் அப்பா தொலைபேசியில்.

அட்டையை எடுத்து வாசித்துக் காட்டினேன். நீயும் நானும் மட்டும்.

“அப்படியா எழுதியிருக்கேன்?”

பிறகு, சனிக்கிழமை முடியாது என்றார். டில்டாவுக்கு அன்று நீச்சல் தேர்வு. தேறினால் நீச்சலுடையில் தைக்கக் கடல்குதிரைப் பட்டை கொடுப்பார்கள். ஆறு வயதுக் குழந்தை. என்ன சொல்ல முடியும்? எனக்கும் அந்தப் பட்டை இருந்தது. தைத்தது அம்மா.

பேச்சுக்கு நடுவே, “எலிக்குட்டி, ஒரு நிமிஷம் இரு,” என்றார்.

“இருக்கேன்ப்பா.”

அந்தப் பக்கம் டில்டாவின் குரல் கேட்டது. என்னிடம் சொல்லவில்லை என்று புரிய ஒரு வினாடி ஆயிற்று. அவருக்கும் புரிந்தது. இரண்டு பேரும் வானிலையைப் பற்றிப் பேசினோம்.

28 ஏப்ரல்

வெள்ளியும் போயிற்று. கரோலாவுக்கு அன்று வேலை, டில்டாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. வியாழன் பதினொன்றரைக்கு வருவார், 16:02க்குத் திரும்புவார். மூன்று நாள் நாலரை மணி நேரமாகிவிட்டது.

விடுதிக்காரம்மாவுக்கு மறுபடி தொலைபேசி.

“இப்ப எத்தனை பேரு, பொண்ணே?”

“ஒருத்திதான்.”

“அப்ப ஆத்தைப் பாத்த ரூம நீ எடுத்துக்க.”

ரத்து செய்திருக்கலாம். ஏன் செய்யவில்லை? நாலரை மணி நேரம் கிடைத்தாலும் போதும் என்று எனக்குள் ஒரு பிச்சைக்காரி உட்கார்ந்திருக்கிறாள். அவளை எனக்குப் பிடிக்கவில்லை.

9 மே, வியாழன். பாம்பெர்க், விடுதி அறை

முழுவதையும் எழுதிவிட வேண்டும். நாளைக்கு வைத்தால் இதைவிட இனிப்பாக ஞாபகம் வரும்.

வூர்ட்ஸ்பர்க்கில் ரயில் மாறினேன். பெட்டி முழுவதும் அப்பாக்கள் தினக் கூட்டம். வைக்கோல் தொப்பியும் பீர் பெட்டியுமாக நடுவயது ஆண்கள். ஒருவர் பாட்டிலை நீட்டி, “எங்கம்மா போற?” என்றார்.

“அப்பாவைப் பார்க்க.”

பெட்டியே சிரித்தது. “இன்னிக்கா? புள்ளைங்ககிட்டேர்ந்து தப்பிக்கத்தானே இன்னிக்கு லீவே.”

அப்பா நேரத்துக்கு வந்தார். தாடி நரைத்திருந்தது. நான் வரைபடத்தை விரித்தேன், அவர் அதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டார். பாலத்தைத் தாண்டியதும் இடப்பக்கச் சந்தில் திரும்பி, “இப்படிப் போனா படி இல்ல,” என்றார்.

என் சிவப்புக் கோடு போட்ட சந்து.

வழிகாட்டிப் பலகையைப் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்க எவ்வளவு உழைத்தேன்.

நான் மேசை சொல்லிவைத்த கடையை வேண்டாம் என்றார். “அங்க கூட்டம். இங்க வா.” உள்முற்றத்தில் நான்கே மேசை. பரிமாறும் பெண் கேட்காமலேயே அவருக்கு ஒரு கோப்பை கொண்டுவந்து வைத்தாள்.

“குட்டி வரலியா, ஹென்னிங்? ஈஸ்டருக்குப் பாதி உருளைக்கிழங்கு உருண்டையத் தட்டுல விட்டுட்டுப் போனா. எனக்கு இன்னும் கோவம்.” என்னைப் பார்த்தாள். “இவங்க?”

“என் பொண்ணு.”

“ஓ,” என்றாள். “இன்னொண்ணா.”

அவள் போனதும் கேட்டேன். “எத்தனை தடவை?”

“என்ன எத்தனை தடவை?”

“இங்க.”

“கரோலா அம்மா வீட்டுக்குப் போற வழிதானேம்மா. எண்ணியா வெச்சிருக்கேன்?”

“பாத்ததே இல்லைன்னு சொன்னீங்க.”

“அவ்ளோ ஆசையாக் கேட்ட. கெடுக்க வேணாம்னு பாத்தேன்.” இறைச்சியை வெட்டினார், மென்றார். பிறகு, உண்மையாகவே புரியாமல்: “ஒன்பது வருஷத்துல நீயே ஒருநாள் வந்திருக்கலாமே. ஊருதானே. ரயில் ஏறினா வந்துடும்.”

அவர் சொன்னது சரிதான். யார் தடுத்தார்கள் என்னை? இதைப் பார்க்காமல் பத்திரமாக வைத்திருந்தது நான்தானே — சாப்பிடாமல் ஒளித்துவைத்த இனிப்புபோல. அவர் போகவரச் சாப்பிட்டிருக்கிறார்.

அட்டையை எடுத்து அவர் தட்டுக்கு அருகில் வைத்தேன். அந்த வரியை வாசிப்பார் என்று. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“நல்லாத்தான் வரைஞ்சிருக்கேன். இந்தச் சுவருதான் சாஞ்சிடுச்சு.”

அதை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பொருளைக் கொடுத்துவிட்ட கடைக்காரர் பரிசுச் சீட்டை வாங்கிப் போட்டுக்கொள்வதுபோல.

“சரி. இது முடிஞ்சுது.”

கொடுமை எதுவும் இல்லை அந்த முகத்தில். நிம்மதி. அவரை அவ்வளவு இலேசாக நான் பார்த்ததே இல்லை. அதற்குப் பிறகு வேடிக்கையாகக்கூடப் பேசினார்.

16:02 நேரத்துக்குக் கிளம்பியது. இந்த நாட்டில் இன்று நேரத்துக்குக் கிளம்பிய ஒரே ரயில் அதுவாகத்தான் இருக்கும்.

10 மே, வெள்ளி

காலை உணவில் இரண்டு பேருக்கு முட்டை. “ஒருத்தின்னுதான் சொன்ன. ஒருவேளை அப்பாவும் வந்திருந்தா?” என்றார் விடுதிக்காரம்மா.

“ஊருக்குப் போயிட்டார்.”

“ரெண்டையும் நீயே சாப்பிடு. ஆறிடும்.”

இரண்டாம் சீட்டு. பேராலயம். படியேறியே போனேன், முழங்காலுக்கான சந்து எனக்கு எதற்கு? பேரரசர் ஹைன்ரிஷும் அவர் மனைவி குனிகுண்டேயும் ஒரே கல்லறைமேல் கல்லாகப் படுத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் கதைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒன்றில் அவள் தன் கற்பை நிரூபிக்கப் பழுக்கக் காய்ச்சிய ஏர்க்கொழுவின் மேல் நடக்கிறாள். இன்னொன்றில் அவர் தூங்குகிறார். ஒரு துறவி வந்து வயிற்றிலிருந்த கல்லை எடுத்து அவர் கையில் கொடுத்துவிடுகிறார். விழித்ததும் வலி இல்லை.

அவள் நடக்க வேண்டும். அவருக்குத் தூக்கத்திலேயே தீர்ந்துவிடுகிறது.

வெகுநேரம் நின்றேன். ஒரு சுற்றுலாக் கூட்டம் என்னைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

11 மே

ரோஜாத் தோட்டம். பூ இல்லை. உட்கார்ந்தேன்.

டில்டா தேறிவிட்டாள். அப்பா படம் அனுப்பியிருக்கிறார். முன்பல் ஒன்று இல்லை, ஈரத் தலை, கையில் பட்டை. அவள்மேல் கோபப்பட முயன்றேன், முடியவில்லை. “வாழ்த்துகள்” என்று எழுதினேன்.

8 ஜூன், சனி

இன்று அம்மாவின் பிறந்தநாள். நேற்று மாலைவரை ஒன்றும் வாங்கவில்லை. நூலகத்திலிருந்து எடுத்துவந்த வெற்றுச் சீட்டு ஒன்று மேசையில் கிடந்தது. பேனாவை எடுத்து, “அம்மாவுக்கு: லூபெக் நகரில் ஒரு” என்பதுவரை எழுதிவிட்டேன். கப்பல்கூட வரையத் தொடங்கியிருந்தேன். கை தானாகவே போகிறது. அப்பாவின் கைதான் எனக்கும்.

சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, டிக்கெட் கவுன்ட்டர் சாத்துவதற்குள் ரயில் நிலையத்துக்கு நடந்தேன்.

கேக் வெட்டியதும் உறையைக் கொடுத்தேன். அம்மா கண்ணாடியைத் தேடாமல், தூரத்தில் பிடித்து வாசித்தாள். லூபெக், ஜூன் 22, காலை 8:14. இருக்கை 61, 62.

“தேதி போட்டிருக்கேடி.”

“ஆமா.”

“அன்னிக்கு மழை பெஞ்சா?”

“நனைவோம்.”

இன்னொரு முறை வாசித்தாள். இழுப்பறைப் பக்கம் போன கை பாதியில் நின்றது. டிக்கெட் இரண்டையும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், கண்ணுக்கு நேராக, காந்தத்தால் ஒட்டினாள்.