பாலத்தடி எறும்பின் லேபல்

குப்பியின் தக்கையைப் பிடுங்கியதும் ஸ்பிரிட் நாற்றம் மூக்கில் ஏறியது. இத்தனை வருடம் அலுமாரியில் பூட்டி வைத்திருந்துவிட்டு, நீ அடக்கமாகி ஒரு மாதம் கழித்துத் திறக்கிறேன். வெட்கங்கெட்டவன் நான்.

மாத்தளைப் பக்கம் எல்கடுவ பள்ளிக்கூடத்தில் இருவரும் விஞ்ஞானம் படிப்பித்தோம். சனிக்கிழமையானால் உனக்கு எறும்புப் பைத்தியம், எனக்கு உன்னோடு சுற்றும் பைத்தியம். நிலையான கூடில்லாமல் படையாக இடம் மாறும் எறும்புகள். கண் கிடையாது, இடுப்பில் இரண்டு கணு. அவ்வளவு எனக்கும் தெரியும். அவற்றின் நெருங்கிய சொந்தங்களைப் பிரித்துச் சொல்வதுதான் உன் வித்தை. "தலைய விடு மச்சான், இடுப்புக் கணுவப் பாரு. மினுங்கினா ஒரு இனம், சொரசொரன்னு இருந்தா வேற" என்பாய்.

பிடித்த இடம் எழுதாத எறும்பு குப்பைக்குத்தான் என்பது உன் சட்டம். உன் கையெழுத்து கோழி கிளறியது போலிருக்கும். அதனால் குப்பிக்குள் போடும் லேபல்களை நான்தான் பென்சிலால் எழுதுவேன். அன்று நாலந்தாவுக்கு அப்பால் எழுதியது: "பாலத்தடி, வடக்குத் தூணிலிருந்து நாலடி."

யுத்த காலம் அது. திரும்பும்போது சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். பை உன் தோளில். லேபலை வாசிக்கவைத்துக் கேட்ட சிப்பாய், பாலத்தை எதற்கு அளந்தீர்கள், குண்டு வைக்கவா, எழுதியது யார் என்று சிங்களத்தில் அதட்டினான். என் அடையாள அட்டையில் முஸ்லிம் பெயர், மாத்தளை டவுன் முகவரி. நான்தான் என்றிருந்தால் நாலு ஏச்சோடு விட்டிருப்பார்கள். உன்னுடையதில் தமிழ்ப் பெயர், தேயிலைத் தோட்டத்து முகவரி. என் வாய் திறக்கவில்லை. நீ என் பக்கம் திரும்பாமலே, "நான்தான் சேர்" என்று அவர்கள் பாஷையில் சொன்னாய். உன்னை நிறுத்திக்கொண்டார்கள். நான் பஸ்ஸில் ஏறினேன்.

பதினெட்டு நாள் கழித்து வந்தாய். வலது கை விரல்களால் இடுக்கியைப் பிடிக்க முடியவில்லை. திருப்பிக் கொடுத்த பையிலிருந்து இந்தக் குப்பியை எடுத்து நீட்டினாய். "இது வேற இனம்னுதான் நெனைக்கிறேன். நீயே பாத்துச் சொல்லு மச்சான்." வேறொன்றும் நீ கேட்கவில்லை, கடைசி வரைக்கும். நாளைக்குப் பார்க்கிறேன் என்று சொல்லியே உன் காலத்தைக் கடத்தினேன். உள்ளே கிடந்த என் கையெழுத்தைப் பார்க்கப் பயம்.

இன்று லென்ஸை வைத்துப் பார்த்தேன். கணு சொரசொரப்புத்தான். நீ சொன்னது சரி.

பழைய லேபலை எடுக்கவே கூடாது, புதிதாகத் தெரிந்ததை இன்னொன்றில் எழுதிப் போடவேண்டும் என்பாய். போட்டுவிட்டேன். பிரித்தறிந்தவர் என்று உன் பெயர். அதன் கீழே, முதல் லேபலை எழுதியவர் என்று என் முழுப் பெயர். இப்போது யாரும் அதைக் கேட்கவில்லை.