வால் பிளந்த கருடன்

நங்கை,

உங்கள் பைனாகுலர் இப்போது கோவையில் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. தோலுறையைத் திறந்தால் அந்துருண்டை வாசனையோடு நீங்கள் தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய் வாசனையும் வருகிறது. அண்ணன் அதைக் கொடுக்கும்போது, "இனி இந்த வம்பை நீயே வெச்சுக்கோ அம்மணி" என்றார். வைத்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அண்ணனைக் கட்டிக்கொண்டு காங்கேயம் பக்கத்து எங்கள் தோட்டத்துக்கு வந்தீர்கள். சீர்ச் சாமான்களோடு இந்தப் பைனாகுலரும் வந்து இறங்கியதைப் பார்த்து ஊரே சிரித்தது. நம் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. முறைக்குத்தான் நீங்கள் அண்ணி, எங்கள் பக்கத்து வழக்கில் நங்கை. காலையில் மாடுகளைக் கொறங்காட்டில் மேயவிடப் போகும் சாக்கில் கிளுவை வேலியோரம் நின்றுவிடுவோம். வெள்வேல மரத்திலிருந்து பனங்காடை நீலச் சிறகை விரித்து எழுந்தால் நான் கத்தியே விடுவேன். உங்களுக்கோ அவசரமே கிடையாது. "மொதல்ல நல்லாப் பாருங்க அம்மணி, பேரு பொறவு சொல்லிக்கலாம்" என்பீர்கள்.

அப்புறம் வந்தது ஊர்க் கோயில் கும்பாபிஷேகம். கருடன் வந்து வட்டமிடாமல் கோபுரக் கலசத்தில் தீர்த்தம் ஊற்றமாட்டார்கள். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது, வானமோ துடைத்து விட்டாற்போல் காலி. கோயில் தர்மகர்த்தா எங்கள் பெரியப்பா. அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஒருவழியாகத் தெற்கே ஒரு பறவை தெரிந்ததும், "கருடன் வந்துட்டாருங்கோ!" என்று மைக்கில் கத்தினார். கூட்டம் மொத்தமும் கைகளைத் தூக்கியது. மைக்குக்குப் பக்கத்தில் நின்றிருந்த நீங்கள் பைனாகுலரை இறக்கிவிட்டு என் காதில்தான் சொன்னீர்கள்: "அது கரும்பருந்துங்க அம்மணி. கருடனுக்கு வால் முனை வட்டமா இருக்கும். இதுக்குப் பொளந்திருக்குது." மைக் அதையும் சுத்துப்பட்டு ஊர்களுக்கெல்லாம் ஒலிபரப்பிவிட்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. வேறு யாருக்கும் வரவில்லை. சாயங்காலமே பெரியவர்கள் நம் வாசலில் கூடிவிட்டார்கள். தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று கோயிலில் எல்லோர் முன்னாலும் நீங்கள் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நம் வீட்டுக்கு இனிமேல் கோயில் மரியாதை கிடையாது என்றார்கள். அண்ணன் கெஞ்சினார். "ஒரு வார்த்தை சொல்லிப்போடு. என்ன கொறஞ்சு போயிருவ?"

நீங்கள் குரலை உயர்த்தவே இல்லை. பெரியப்பாவைப் பார்த்துச் சொன்னீர்கள்: "கால்ல உளுந்து கும்புடச் சொல்லுங்க மாமா, கும்புடறேன். பாத்ததைப் பாக்கலைன்னு மட்டும் சொல்லமாட்டேனுங்க. அது என்ன பறவைன்னு சாமிக்குத் தெரியாதுங்களா?"

மரியாதை நின்றது. பரிவட்டம் கட்டும்போது அண்ணன் பெயரைத் தாண்டிப் போனார்கள். அதற்காக நீங்கள் கோயிலை விடவில்லை. ஒவ்வொரு நோம்பித் திருவிழாவுக்கும் முதல் ஆளாகப் போய், கூட்டத்துக்குப் பின்னால் நிமிர்ந்து நின்று கும்பிட்டுவிட்டு வந்தீர்கள். கல்யாணமாகிக் கோவைக்குப் போன பிறகும், நோம்பிக்கு வந்தால் நான் அங்கேதான் நின்றேன். முன்வரிசைக்கு எத்தனையோ பேர் கூப்பிட்டார்கள். போகவில்லை.

போன மாதம் உங்களை வாசலில் கிடத்தியிருந்தபோது பெரியப்பா வந்தார். தள்ளாத வயசு, இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். உங்கள் காலடியில் வெகுநேரம் நின்றவர், திடீரென்று என் பக்கம் திரும்பி மேலே கைகாட்டினார். "அம்மணி, அங்க பாரு. நம்ம புள்ளைக்குக் கருடனே வந்து சுத்துறாரு."

சமாதானம் பேசத்தான் வந்திருந்தார், எனக்குப் புரிந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கைகூப்பினார்கள். இத்தனை வருஷம் மறுத்த மரியாதையை ஊர் அப்போதுதான் உங்களுக்கு நீட்டியது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தேன். இன்னொரு முறையும் நன்றாகப் பார்த்தேன்.

"கரும்பருந்துங்க பெரியப்பா," என்றேன்.

பக்கத்தில் நின்ற அத்தை என் கையைக் கிள்ளினார். "இன்னைக்குமா அம்மணி?"

"இன்னைக்குத்தானுங்க அத்தை சொல்லோணும்."

ஊரில் என்னைத் திட்டுகிறார்களாம். திட்டட்டும். ஒரு பொய்யோடு உங்களை அனுப்பி வைக்க எனக்கு மனசு வரவில்லை, நங்கை. இனியும் வராது.