‘ஹி’ என்றால் எந்த ஆள்?

போன வாரம் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் பச்சை வேர்க்கடலையை, நம் ஊர் மல்லாட்டையை, மடியில் கொட்டி உரித்துத் தின்றுகொண்டிருந்தார். ஈரமண் ஒட்டிய அந்தத் தோலின் வாசனை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். எதிரில் நின்ற செஞ்சி பஸ்ஸைக் கோட்டைவிட்டேன். நீ இருந்திருந்தால் அதற்கும் திட்டியிருப்பாய்.

தொண்ணூற்று மூன்றில் நாம் இருவரும் பனமலைப் பக்கம் ஒரே ஊரில் இருந்தோம். நான் அங்கேயே பிறந்தவள், நீ மருமகளாக வந்தவள். நான் போகும் மாதா கோயிலில் பூசைக்கு மணி அடிக்கும், நீ போகும் கோயிலில் கற்பூரம் எரியும். நமக்குப் பொதுவாக இருந்தது ஒன்றுதான். இருவருக்கும் பத்தாம் வகுப்பில் இங்கிலீஷ் மட்டும் போய்விட்டது.

எனக்கு அது பெரிய கவலையாக இல்லை. வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். உனக்கு அப்படி இல்லை. உன் மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் ஆடு மேய்க்க விட்டுவிடலாம் என்று உன் மாமியார் பேசத் தொடங்கியிருந்தார். அந்தச் சமயத்தில்தான் ஊருக்குப் பால்வாடி வருகிறது, பத்து பாஸ் செய்த பெண்ணை டீச்சராக எடுப்பார்கள் என்ற பேச்சு எழுந்தது. அன்றைக்கே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாய்.

"எனுக்கு இந்த வேல கெடச்சா எம் பொண்ண என்கூடவே இட்டுக்கினு போய்ப் படிக்க வெப்பேன். ரெண்டு பேரும் திரும்ப எழுதலாம், ஸ்டெல்லா. உனுக்குத் தெரியாதது எனுக்குத் தெரியும், எனுக்குத் தெரியாதது உனுக்குத் தெரியும்" என்றாய். நீ என் சம்மதத்தைக் கேட்கவே இல்லை.

விதைக்கு மல்லாட்டை உரிக்கும் வேலைக்கு நாம் போவோம். கை உரித்துக்கொண்டிருக்க, வாய் கைடில் இருப்பதைச் சொல்லிக்கொண்டிருக்கும். பெயர்ச்சொல் உனக்கு ஒரே நாளில் வந்துவிட்டது. முறம், ஆடு, கிணறு என்று கண்ணில் பட்டதையெல்லாம் இங்கிலீஷில் கேட்டு வாங்கிக்கொண்டாய். ஏரி என்றால் எந்த ஏரியாகவும் இருக்கலாம், பனமலை என்றால் அது ஒன்றுதான் என்று எனக்கே நீதான் விளக்கினாய். பிரதிப்பெயர் வந்தபோது சண்டைக்கு நின்றாய். சாமிக்கும் ஹி, திருடனுக்கும் ஹி, எங்கள் பங்குச் சாமியாருக்கும் அதே ஹியா என்று கேட்டாய். மரியாதை தெரியாத பாஷை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அதையும் மனப்பாடம் செய்தாய்.

இடித்த இடம் வேறு. கைடில் ஒரு பயிற்சி இருந்தது. ஏழுமலை சந்தைக்குப் போனான், ஏழுமலை ஆடு வாங்கினான். முதல் வரியில் பெயரை வைத்துக்கொண்டு, அடுத்த வரியில் ஹி போட வேண்டும். உன் வீட்டுக்காரர் பெயரும் ஏழுமலை. புருஷன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று வளர்த்திருந்தார்கள். மல்லாட்டையை எண்ணும்போதுகூட ஆறு, அப்புறம் ஒன்னு, எட்டு என்றுதான் எண்ணுவாய். நீ படித்த பயிற்சியில் இரண்டு வரியிலும் ஹிதான் சந்தைக்குப் போய் ஆடு வாங்கியது. ஹி என்றால் எந்த ஆள் என்று நான் கத்துவேன். உனக்குத் தெரியாதா என்பதுபோல் பார்ப்பாய்.

விழுப்புரத்தில் பரீட்சை எழுதினோம். குடும்பத்தைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். வெளியே வந்ததும் என்ன எழுதினாய் என்று கேட்டேன். ஹி என்று ஆரம்பித்து ஹி என்றே முடித்திருக்கிறாய். நடுரோட்டில் உன்னைப் பிடித்துத் திட்டினேன். நான் பாஸ், நீ இல்லை. எவ்வளவு மதிப்பெண்ணில் போனது என்று நீ யாரிடமும் சொல்லவில்லை.

மறுபடி பணம் கட்டுவதற்கு முன், சோறு போட்டுவிட்டு உன் வீட்டுக்காரரிடமே கேட்டிருக்கிறாய். பெயரை வாயால் சொல்ல மாட்டேன், பரீட்சைத் தாளில் எழுதட்டுமா என்று. "எழுதிக்கோ. எழுதனா பேரு தேஞ்சா பூடும்?" என்று அவர் சிரித்தாராம். மாமியார் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனதையும் சொன்னாய். அந்த முறை பாஸ் செய்தாய்.

நேர்காணலுக்கும் விழுப்புரம்தான். உன் துணைக்கு நான் வந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி கணவர் பெயர் என்ன என்று கேட்டார். நம் பக்கம் அப்படிக் கேட்டால் கூட வந்தவள்தான் பதில் சொல்ல வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் "ஏழுமலை" என்றாய். கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாய். வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினாய். "வாய் வெந்து பூடும்னு நெனச்சிக்கினு இருந்தேன். ஒன்னும் ஆவல" என்றாய். எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நடந்தாய்.

வேலை கிடைத்தது. உன் மகள் ஆட்டுக்குப் பின்னால் போகவில்லை. இன்று அவள் நர்சு. ஊருக்கு நீ டீச்சர், மாமியாருக்குக் கடைசிவரை ஏழுமலை பொண்டாட்டி, உன் வீட்டுக்காரருக்கு எப்போதும் ‘இந்தா’. உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

உன் உடலை எடுத்த அன்று, அஞ்சலி பேனர் அடிக்கத் திண்டிவனம் கடைக்கு அவரோடு நான் போனேன். கணினி முன்னால் இருந்தவர் இறந்தவர் பெயர் என்ன என்று கேட்டார். நான் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை, உன் வீட்டுக்காரர் முகம் அப்படி இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு உன் பெயரைச் சொன்னார். உன் அப்பா வைத்த முழுப் பெயர். எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாது என்று மறுபடி நிறுத்திச் சொன்னார். ஆயுசுக்கும் அவர் அதை ஒருமுறையாவது உன்னிடம் சொல்லியிருந்தால் என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

இப்போது என் வீட்டு மாடியில், பத்தில் இங்கிலீஷ் போன பெண்களுக்கு ஞாயிறு பூசை முடிந்ததும் பாடம் சொல்கிறேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். யாரையும் விடுவதில்லை, ஒன்றுக்கு மூன்று தடவை எழுதினாலும் பாஸ் செய்ய வைத்துத்தான் அனுப்புகிறேன். முதல் நாள் பெயர்ச்சொல்லுக்கு எடுத்துக்காட்டாகக் கரும்பலகையில் உன் பெயரை எழுதுகிறேன். யாருங்க இது என்று கேட்பார்கள். முதலில் அவர்கள் எல்லோரையும் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்ல வைக்கிறேன்.